ஏர் பிடித்த வெள்ளைச் சிப்பாய்

(தெம்பனிஸில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவனைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், "நம் சங்கக் கூட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்டதாக அறிந்தோம். கேள்வி நியாயமானதே. நம் பாட்டன்மார் அறிந்த வெள்ளைக்காரர் தோட்டத்துத் துரை ஒருவர்தாம். சைக்கிளில் போகிறவன் அவரைக் கண்டால் இறங்கி நிற்கவேண்டும். 1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு, இந்தச் சைக்கிள் மரியாதை ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாய் இருந்தது. அந்தத் துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். ஆகவே, ஸ்காட்லாந்து என்பது துரைமார் விளைகிற நாடு என்று நம்மவர் எண்ணியிருந்தால் வியப்பதற்கில்லை.

ஆனால் அதே நாட்டில், துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்ற கூலிக்காரனும் பிறந்தான். அவன் துப்பாக்கி தூக்கி, இந்தத் தெம்பனிஸுக்குச் சில மைல் தூரத்தில் வந்து தங்கினான். சயாம் காட்டில் நம் ஆட்கள் மாண்ட அதே பாதையில் அவனும் மாண்டான். அவனைப் பற்றித்தான் பேச்சு.

தெம்பனிஸ் என்றால் இன்று அடுக்குமாடி வீடுகள் நினைவுக்கு வரும். முன்னாளில் இங்கே ரப்பர் மரங்கள் நின்றன. இந்த ஊருக்குக் கிழக்கே, சாங்கிப் பக்கம், செலாராங் என்னும் இடத்தில் பட்டாளத்தார் குடியிருப்பு ஒன்றை 1930-களில் கட்டினார்கள். 1937-ம் ஆண்டு ஜிப்ரால்டரிலிருந்து கப்பலேறி வந்த கோர்டன் ஹைலாண்டர்ஸ் படையின் இரண்டாம் பட்டாளத்துக்கு அதுவே வீடாயிற்று. அந்தப் படைக்கு ஆள் சேர்ந்தது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில். அபர்தீன், பான்ஃப் முதலிய மாவட்டங்களில். கடற்கரையில் மீனவர், உள்நாட்டில் ஓட்ஸ், டர்னிப் கிழங்கு, கறிமாடு. நகரத்துப் பையன்களும் அந்தப் படையில் உண்டு. நாம் எடுத்துக்கொள்வது நாட்டுப்புறத்துப் பண்ணையாளை.

அவன் ஊரில் எப்படிப் பிழைத்தான்? இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்; கேட்கக் கேட்க உங்களுக்கே பழகிய கதையாய்த் தோன்றும்.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதன்பின் பண்ணை வேலை. வேலை கிடைப்பது எப்படி? மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் சிற்றூர்களில் ஆள்பிடிக்கும் சந்தை கூடும். கூலிக்கு நிற்க வந்த பையன்கள் தெருவில் வரிசையாய் நிற்பார்கள். பண்ணைக்காரர் வந்து, மாட்டைப் பார்ப்பது போல் மேலும் கீழும் பார்த்து, "குதிரை ஓட்டுவாயா? எந்தப் பண்ணையில் இருந்தாய்?" என்று கேட்டு, ஆறு மாதத்துக்கு இன்ன கூலி என்று பேரம் முடிப்பார். முடிந்ததும் கையில் ஒரு காசு வைப்பார். அச்சாரம்! அதை வாங்கிவிட்டால் ஆறு மாதத்துக்கு அவன் அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவன். கங்காணி கொடுத்த முன்பணத்தை நம் முன்னோர் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியது உங்கள் நினைவுக்கு வருகிறதா, இல்லையா?

கல்யாணமாகாத ஆட்களுக்குக் குதிரைக் கொட்டிலை ஒட்டினாற்போல ஓர் அறை. நாலைந்து பேருக்குப் படுக்கை. விடியுமுன் எழுந்து குதிரைக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் தன் வயிற்றைப் பார்க்கலாம். அந்த வயிற்றுக்கு ஓட்ஸ் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிண்டிய கூழ். கூலியில் ஒரு பகுதியே மாவும் பாலும் உருளைக்கிழங்குமாய்த்தான் கிடைக்கும். ரொக்கம் ஆறு மாதக் கடைசியில். பண்ணையாட்களுக்குள்ளும் முதல் குதிரைக்காரன், இரண்டாம் குதிரைக்காரன், எடுபிடிப் பையன் என்று படிவரிசை உண்டு. காலையில் கொட்டிலை விட்டு வெளியேறுவதில்கூட அந்த வரிசை மாறக்கூடாதாம். கூலிக்காரனுக்குள் கூலிக்காரன் பெரியவன் சின்னவன் பார்ப்பது நம் லயங்களில் மட்டும் உள்ள நோயல்ல.

கல்யாணமானவனுக்குப் பண்ணை வீடு கிடைக்கும்; வேலை போனால் வீடும் போகும். லயத்து வீட்டின் சட்டமும் அதுதானே?

இந்தப் பண்ணையாட்களுக்கும் சங்கம் உண்டு, தோழர்களே. 1912-ம் ஆண்டு அபர்தீன் மாவட்டத்து டர்ரிஃப் என்ற சிற்றூரில் ஸ்காட்லாந்துப் பண்ணையாட்கள் சங்கம் தோன்றிற்று. ஜோசப் டங்கன் என்பவர் பல ஆண்டுகள் அதன் செயலாளராய் இருந்து ஊர் ஊராய் அலைந்து ஆள் சேர்த்தார். ஆறு மாதத்துக்கொரு முறை பண்ணை மாறுகிற ஆளைச் சங்கத்தில் நிறுத்தி வைப்பது எவ்வளவு பாடு என்பதைச் சந்தா பிரிக்கிற நம் தோழர்களிடம் கேளுங்கள். ஸ்காட்லாந்துப் பண்ணையாளின் கூலியை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1937-ம் ஆண்டில்தான் வந்தது. கோர்டன் படை செலாராங் வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டிலேயே.

ஆக, அந்தப் பையன் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று நாம் கேட்கத் தேவையில்லை. நாளுக்கு இரண்டு ஷில்லிங், மூன்று வேளைச் சாப்பாடு, காலுக்குப் பூட்ஸ். 1939-ல் யுத்தம் வந்ததும் இருபது வயதுப் பையன்களைக் கட்டாயச் சேவைக்கும் அழைத்தார்கள்.

சிங்கப்பூருக்கு வந்த பின்னும் அவன் துரையாகிவிடவில்லை. பெரிய ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் சாதாரணச் சிப்பாய்க்கு இடம் கிடையாது. அவை அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் உரியவை. அந்த நாளில் நம்மவர் கண்ணுக்கு இந்த வேற்றுமை தெரிந்திருக்க வழியில்லை. வெள்ளைத் தோல் ஒன்றே தெரிந்தது.

1941 டிசம்பர் 8-ம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். வடக்கே சண்டையிட்ட ஸ்காட்லாந்துப் படை வேறு ஒன்று: ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ். காட்டுப் போரில் முன்னரே பயிற்சி பெற்ற படை அது. 1942 ஜனவரி 7-ம் தேதி விடியுமுன், துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே பாய்ந்து அந்தப் படையைச் சிதறடித்தன. சிதறியவர் காட்டிலும் தோட்டங்களிலும் அலைந்தனர். கோர்டன் படை ஜொகூரில் ஆயர் ஈத்தாம் பகுதியில் சண்டையிட்டுப் பின்வாங்கியது. ஜனவரி 31-ம் தேதி ஜொகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்து வந்தவர்கள் ஆர்கைல் படையில் எஞ்சிய சிலர். முன்னால் பைப் வாத்தியக்காரர் ஊதிக்கொண்டே வந்தார்களாம். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாளில் வெள்ளைக் கைதிகள் எல்லோரும் சாங்கிக்கு நடத்தப்பட்டார்கள்.

கோர்டன் படையின் குடியிருப்பாய் இருந்த செலாராங், கைதி முகாமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்திடக் கைதிகள் மறுத்தபோது, பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அந்த ஒரு மைதானத்திலும் சுற்றியுள்ள கட்டடங்களிலும் அடைத்தார்கள். செப்டம்பர் 2-ம் தேதி நால்வரைக் கடற்கரையில் சுட்டுக்கொன்றார்கள். கட்டாயத்தின்பேரில் இடும் கையெழுத்து செல்லாது என்று அதிகாரிகள் ஆணையிட்ட பின்னரே கைதிகள் இணங்கினர்.

அடுத்து சயாம். நம் வீட்டுப் பெரியவர்கள் "சயாம் மரண ரயில்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது இதைத்தான். சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். கோர்டன் படையினர் 1942-ம் ஆண்டே இரும்புக் கூட்ஸ் வண்டிகளில் அடைக்கப்பட்டு ஏறக்குறைய ஐந்து நாள் பயணத்தில் கொண்டு போகப்பட்டார்கள். பகலில் இரும்பு கொதிக்கும், இரவில் குளிரும், உட்கார இடமிருந்தால் படுக்க இடமில்லை.

1943-ல் அதே வண்டிகளில் நம் ஆட்கள் போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கணக்குக் கேட்டனர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்றார்கள். தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. நம்பிப் போனவர் பலர். நம்பாதவர்களை வேறு வழியில் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாய் அழைத்து, கதவைப் பூட்டி, நேரே ரயிலடிக்கு நடத்திச் சென்ற கதை ஊருக்கு ஊர் சொல்லப்பட்டது. மலாயாவிலிருந்து போனவர் சுமார் 75,000 பேர், பெரும்பாலோர் தமிழர். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு.

வேலை ஒன்றே. ஒருவன் உளியைப் பிடிக்க மற்றவன் சம்மட்டியால் அடித்துப் பாறையில் துளை போடவேண்டும். வெடி வைத்தபின் கல்லைக் கூடையில் சுமக்கவேண்டும். மழைக்காலத்தில் அவசரம் கூடிற்று; இரவும் பகலும் அடியும் உதையும். மூங்கில் கீறிய சிறு காயம் ஒரு வாரத்தில் எலும்பு தெரியும் புண்ணாகும். அதன்மேல் மலேரியா, சீதபேதி, கைகால் வீக்கம். 1943 மே மாதவாக்கில் வாந்திபேதி வந்தது. நேற்றுவரை குதிரை ஏர் பிடித்த கை, காலையில் கூடை தூக்கி, மாலையில் சுருண்டு, மறுநாள் விறகுக் கட்டையோடு எரிந்து போயிற்று. மூங்கில் காட்டுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில் நம் ஆளுக்கும் அதே பேதி, அதே முடிவு.

ஆனால் இரண்டு கொட்டகைக்கும் ஒரு வேற்றுமை இருந்தது. சிப்பாய்களின் முகாமில் அதிகாரி இருந்தார், படை மருத்துவர் இருந்தார். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, கக்கூஸ் குழியை இங்கே தோண்டு, ஈயை அண்டவிடாதே என்று சொல்ல ஆள் இருந்தது. கேட்க ஒழுங்கு இருந்தது. அதிகாரிகளுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நோயாளிக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். நம் ஆட்களுக்கோ மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை. தோட்டத்தில் உத்தரவு போட்டவர்கள் தோட்டத்தோடு நின்றுவிட்டார்கள். பின்னால் கைதிகளிலிருந்தே சில மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் கொட்டகைகள் பாதி காலி. கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். நம்மவரில் இறந்தவர் விகிதம் அதைவிட மிக அதிகம். ஒரே காடு, ஒரே கஞ்சி, ஒரே கிருமி! நிர்வாகமும் கட்டுப்பாடும் இருந்த இடத்தில் சாவு குறைந்தது என்றால், சங்கம் எதற்கு என்று கேட்பவருக்கு நாம் தனியாய்ப் பதில் சொல்லவேண்டியதில்லை.

எர்னெஸ்ட் கோர்டன் என்பவர் ஆர்கைல் படை அதிகாரி. சுங்காய் முகாமில் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர். பின்னால் பாதிரியார் ஆனார். அவர் எழுதிய நினைவு நூல் 1960-களில் வெளிவந்தது. அதில் ஆங்கஸ் மக்கில்லிவ்ரே என்னும் சிப்பாயைப் பற்றிச் சொல்கிறார். ஸ்காட்லாந்துப் படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கூட்டாளி உண்டு, ஒருவனுக்கொருவன் பொறுப்பு. ஆங்கஸின் கூட்டாளி நோயில் விழுந்தான்; பிழைக்கமாட்டான் என்று மற்றவர் கைவிட்டனர். ஆங்கஸ் தன் கம்பளியை அவன்மேல் போர்த்தினான். தன் பங்குச் சோற்றை அவனுக்கு ஊட்டினான். இரவில் வேலிக்கு வெளியே போய்ச் சயாம்காரரிடம் பண்டமாற்றுச் செய்து முட்டையும் மருந்தும் கொண்டுவந்தான். கூட்டாளி எழுந்து உட்கார்ந்தான். ஆங்கஸ் ஒருநாள் முகங்குப்புற விழுந்து இறந்தான். பட்டினியும் களைப்பும் என்றார்கள் மருத்துவர்கள். முகாமில் அதுவரை ஒருவன் சோற்றை ஒருவன் திருடிக்கொண்டிருந்த நிலை இந்தச் சாவுக்குப்பின் மாறத் தொடங்கியது என்று கோர்டன் எழுதுகிறார்.

நம் கொட்டகைகளிலும் ஆங்கஸ்கள் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. தன் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டுச் செத்த தாய் ஒருத்தியாவது இருந்திராளா? எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1943 அக்டோபர் 17-ம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளமும் கொன்குயிட்டா என்னும் இடத்தில் சேர்ந்தன. மிஞ்சிய சிப்பாய்களில் பலருக்கு அத்தோடும் விடுதலை இல்லை. ஜப்பானுக்குக் கப்பலேற்றினார்கள். 1944 செப்டம்பர் 12-ம் தேதி கச்சிடோக்கி மாரு என்ற கப்பல், சுமார் 900 பிரிட்டிஷ் கைதிகளோடு போனபோது, உள்ளே இருப்பவர் யாரென்று அறியாத அமெரிக்க நீர்மூழ்கியின் குண்டுக்கு இரையாயிற்று. கோர்டன் படையினரும் அதில் இருந்தனர். அபர்தீன் பக்கத்துக் கிராமங்களோ 1940-லேயே ஓர் இடி வாங்கியவை. பிரான்சில் அவர்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வரும்; மறு வீட்டுக்குச் சாங்கியிலிருந்து ஒரு வருஷம் கழித்து ஒரு சிறு அட்டை வரும், அல்லது வராது.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருகிறோம். கிராணித் தோழர்கள் செவி கொடுக்கவேண்டும்.

சாங்கி முகாமில் கைதிகள் தமக்குள்ளே ஒரு பதிவு அலுவலகம் நடத்தினார்கள். டேவிட் நெல்சன் என்பவர் அதன் பொறுப்பில் இருந்தார். எந்த ஆள் எந்தக் குழுவோடு எங்கே போனான், எங்கே இறந்தான் என்பதையெல்லாம் அட்டைகளில் குறித்து வைத்தார்கள். ரயில் பாதை முகாம்களில் கிடைத்த காகிதத் துண்டில் பெயரும் தேதியும் எழுதி, போத்தலிலோ டின்னிலோ அடைத்து, ஜப்பானியர் கண்ணில் படாமல் புதைகுழியிலேயே மறைத்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், யுத்தம் முடிந்த கையோடு, கல்லறை தேடும் குழு ஒன்று பாதை நெடுகப் போய், அந்தக் குறிப்புகளைக் கொண்டு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் அவற்றை ஒழுங்குபடுத்தினார்கள். ஏர் பிடித்த அந்தப் பையனுக்கு இன்று அங்கே ஒரு கல் உண்டு. நம்பர், பெயர், படை, தேதி, வயது. அடியில் அவன் தாய் எழுதச் சொன்ன ஒரு வரி. கர்னலுக்கும் அதே அளவுக் கல்தான். உயிரோடிருந்தபோது ஓட்டல் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்குச் செத்தபின் சம இடம். உடல் கிடைக்காதவர்களுக்கு இங்கே கிராஞ்சியில் தூண்களில் பெயர் உண்டு. 1957 மார்ச் 2-ம் தேதி திறக்கப்பட்ட அந்த நினைவகத்தில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

நம் ஆட்களுக்கு? பாதையில் மாண்ட வெள்ளைக் கைதிகள் பதின்மூவாயிரத்துக்குள். மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்பதினாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். தோழர்களே, இந்த "முதல்", "வரை" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? இருபதினாயிரம் பேர்! இறந்த கைதிகள் அத்தனை பேரையும்விட அதிகம். இருந்தார்களா இல்லையா என்றே தெரியாதவர்கள் அத்தனை பேர்.

காரணம் என்ன? செக்ரோல் என்பது கூலிக் கணக்கு. வேலைக்கு வந்த ஆளுக்குப் பெயர் போடுவோம். ஆள் வராவிட்டால் அடுத்த மாதப் புத்தகத்தில் பெயர் ஏறாது. எங்கே போனான் என்று எழுத அதில் பத்தியே கிடையாது. பட்டாளத்துப் புத்தகமோ ஆளையே கணக்கு வைத்தது, வராதவனைத் தேடியது.

பெயர் இல்லாதவனுக்கு ஈடும் இல்லை. 1951-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ம் பிரிவு, ஜப்பானிடம் துன்புற்ற போர்க் கைதிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்க வழி செய்தது. போர்க் கைதிகளுக்கு! தோட்டத் தொழிலாளி போர்க் கைதி அல்லவாம். 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம், உயிரோடிருந்த தன் பழைய கைதிகளுக்கும் விதவைகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் பவுன் அறிவித்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பண்ணையாளின் விதவைக்கு அது போதாது என்றே சொல்வோம். அதே சம்மட்டி பிடித்தவனுடைய விதவைக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி.

1957-ல் வெளிவந்த குவாய் நதிப் பாலத்துச் சினிமாவைப் பார்த்த உலகம், பாதை போட்டது வெள்ளைச் சிப்பாய்கள் மட்டுமே என்று எண்ணிக்கொண்டது. 1990-ல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றாய்க் கிடந்தன. வரிசை இல்லை, நம்பர் இல்லை. 2023-ம் ஆண்டு அதே ஊரில் ஒரு பௌத்த விகாரத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. நல்ல காரியம். எழுப்பியவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்தக் கல்லில் எழுத வேண்டிய பெயர்கள் நம் வீடுகளில் அல்லவா கிடக்கின்றன? பாட்டி சொன்னது, பெரியப்பா சொன்னது, பழைய டிரங்குப் பெட்டியில் உள்ள கடிதம், திரும்பி வந்தவர் முதுகில் இருந்த தழும்பு, இவையே நம் பதிவேடு. சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

அதோ அந்த மேசையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கிராணித் தோழர் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். முனியாண்டி என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு தோட்டத்திலேயே மூன்று முனியாண்டி இருப்பான். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்த வருஷம் போனார், யாரோடு போனார், திரும்பினாரா, தெரிந்தால் கடைசியாய்ப் பார்த்த இடம், இத்தனையும் சொல்லுங்கள். பெண்கள் பெயரையும் குழந்தைகள் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஜொகூரிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டும். ஆகவே அவர்களை முதலில் விடுங்கள்.